முகத்துக்குப் பட்டா

"இதுவும் எங்குளுதுதான் சார்" என்றாள் சின்னப்பொண்ணு.

இளமாறன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். திரையில் இருந்தது ஒரு நாய்.

"நல்லாப் பாருங்கம்மா. அவசரமில்ல."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற புருஷன் சடையனைப் பார்த்தாள். சடையன் எதிரில் இருந்த மலையைப் பார்த்தான். அவள் மறுபடி திரைக்கு வந்தாள்.

"எங்குளுதுதான் சார். சின்னதா இருக்க சொல்லோ இருந்து இங்கதான் வளருது."

இளமாறன் தாளில் குறித்துக்கொண்டான். மொத்தம் இருபத்தைந்து படங்கள். முதல் பன்னிரண்டு, போன வாரம் இதே வாசலில் அவனே எடுத்த ஆட்டு முகங்கள். அடுத்த பன்னிரண்டு, தியாகதுருகம் சந்தையில் எடுத்த யார் யாருடைய ஆடுகளோ. கடைசிப் படம் கச்சிராயபாளையம் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் தூங்கிய நாய். அவள் விழித்திருக்கிறாளா என்று பார்ப்பதற்காகச் சேர்த்தது. இருபத்தைந்துக்கும் ஒரே பதில்.

"சரி. இந்த முதல் ஆட்டுக்கு என்ன பேரு?"

"பேரா?"

"ஆமா, கூப்பிடுறதுக்கு ஒரு பேரு இருக்கும்ல?"

"ஆடுதான் சார்."

"அது சரி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா?"

"எல்லாத்துக்கும் அதான் சார் பேரு."

வேறு யாராவது இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இளமாறனுக்கோ எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. ஆராய்ச்சியாளன் குதிக்கக் கூடாது என்பதால் சடையன் கொடுத்த டீயை இரண்டே மடக்கில் குடித்தான்.

அவன் சந்தோஷத்துக்குக் காரணம் மூளையின் அடிப்பக்கத்தில் இருந்தது. அங்கே, காதுக்கு உள்வாக்கில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது. மனிதன் ஒரு முகத்தைப் பார்த்ததும் அந்த இடம் சுறுசுறுப்பாகிறது. இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு, அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான். முகத்துக்கு மட்டுமே என்கிறது ஒரு கட்சி. பிறக்கும்போதே பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று, வேறெதுவும் உள்ளே நுழைய முடியாது. பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை, அது புறம்போக்கு என்கிறது மறு கட்சி. எதை வருடக்கணக்கில் பார்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறியப் பழகுகிறோமோ, அது அங்கே வந்து குடிசை போட்டுக்கொள்ளும். பறவை பார்ப்பவனுக்குப் பறவை, கார்ப் பைத்தியத்துக்குக் கார். எல்லோரும் முகத்தைப் பார்த்தே வளர்வதால் முகம் முதல் குடிசையைப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உலகத்தில் இந்த வழக்கைப் பெரிய பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு பலர் நடத்தினார்கள். தமிழ்நாட்டுக் கிளையை எந்த இயந்திரமும் இல்லாமல் இரண்டு பேர் நடத்தினார்கள். பட்டாக் கட்சிக்குப் பேராசிரியர் பொன்னுரங்கம். புறம்போக்குக் கட்சிக்குப் பேராசிரியர் தேவிப்ரியா. இருவரும் சென்னையில்தான் இருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் மைக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டதற்குப் பிறகு ஒருவர் இருக்கும் அறைக்குள் மற்றவர் நுழைவதில்லை.

இளமாறனுக்கு வழிகாட்டி பொன்னுரங்கம். ஏழு வருடமாக வழி காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஏழு வருடமும் இளமாறனைச் செழியன் என்றே அழைத்தார். செழியன் அவருடைய பழைய மாணவன். பட்டம் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து வருடம் ஆகிறது. முகத்தை அறிவது பற்றி முப்பது கட்டுரை எழுதியவரைத் திருத்த இளமாறனுக்குத் தைரியம் வரவில்லை.

தைரியம் வராததற்கு இன்னொரு காரணம் தேதி. மே முப்பத்தொன்றாம் தேதி பொன்னுரங்கம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் வாய்மொழித் தேர்வு முடியாவிட்டால் வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, இன்னொரு ஏழு வருடம். கள்ளக்குறிச்சியில் அவன் உளவியல் நடத்திக்கொண்டிருந்த பி.எட். கல்லூரித் தாளாளர், வரும் ஜூனிலிருந்து டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். அந்தக் கல்லூரிக்கு மாணவர்களே பெரும்பாலும் வருவதில்லை. ஆனாலும் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

ஆட்டு யோசனை அவனுடையதே. ஆடு மேய்ப்பவர்களுக்குத் தங்கள் ஆடுகளின் முகம் தெரிந்தால் புறம்போக்குக் கட்சி ஜெயித்தது. தெரியாவிட்டால் பட்டாக் கட்சி ஜெயித்தது. தெரியத்தான் தெரியும் என்று மளிகைக் கடைக்காரர்கூடச் சொன்னார். அந்தக் கவலையோடுதான் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினான்.

ஆடு மேய்ப்பவர்களை எங்கே போய்த் தேடுவது? கையில் ஒரு பட்டியல் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முன்பு அரசு ஆளுக்கு நான்கு ஆடு இலவசமாகக் கொடுத்த பெண்களின் பெயர்ப்பட்டியல். அதில் முதல் பெயர் சின்னப்பொண்ணு. ஆய்வேட்டில் இதை எழுமாற்றுத் தேர்வு, அதாவது குலுக்கிப்போட்டு எடுத்த பெயர், என்று எழுதினான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து வீடும் அதுவாக இருந்தது.

முதல் நாள் அவன் போனபோது வாசலில் ஆடு எதுவும் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் கோப்பு, ஒரு கையில் கேமரா. "சின்னப்பொண்ணு யாருங்க?" என்று பட்டியலைப் பார்த்துக் கேட்டான். சடையன் ஓடி வந்து நாற்காலி போட்டான்.

"ஆடுங்க மேயப் போயிருக்குது சார். ஒக்காருங்க, தோ ஓட்டிக்கினு வந்துர்றோம்."

ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ஆடுகள் வந்தன. பின்னாலேயே ஒத்தாசைக்குப் பக்கத்து வீட்டு ஜெயம்மாளும் வந்தாள்.

"எத்தனை வருஷமா ஆடு மேய்க்கிறீங்க?" என்று சின்னப்பொண்ணுவைக் கேட்டான்.

"இருவது வருசமா சார்" என்றான் சடையன்.

பல்கலைக்கழக விதிப்படி ஒப்புதல் படிவம் ஐந்து பக்கம். இளமாறன் மூளை, முகம், ஞாபகம் எல்லாவற்றையும் விளக்கினான். இருவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். "இதில் பங்கேற்பதால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது" என்ற வரி வந்ததும் சடையன் கையை உயர்த்தினான்.

"அத மட்டும் இன்னொரு தபா படிங்க சார்."

படித்தான்.

"எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

எவ்வளவு வெள்ளந்தியான ஜனங்கள் என்று இளமாறன் நினைத்துக்கொண்டான். ஆய்வேட்டின் நன்றியுரையிலும் அப்படியே எழுதினான்.

நாய்ப் படத்துக்குப் பதில் கிடைத்த அன்றைக்கே மலையிலிருந்து பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டான். சிக்னலுக்காக ஒரு பாறை மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

"நாயையுமா?" என்றார் பொன்னுரங்கம்.

"நாயையும்தான் சார்."

"இருபது வருஷம் ஆடு மேய்ச்சவ! ஆட்டையும் நாயையும் பிரிக்கத் தெரியல! நான் என்ன சொன்னேன் செழியா? அந்த இடத்துல ஆடெல்லாம் நுழைய முடியாது. அது முகத்துக்கு மட்டும்! மனுஷ முகத்துக்கு மட்டும்!"

"ஆமா சார்."

"எழுது. உடனே எழுது."

எழுதினான். இருபது வருட அனுபவமும் மூளையின் பட்டாவை அசைக்கவில்லை என்று நாற்பது பக்கம். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போனது. வெளித்தேர்வாளர்களின் பட்டியலில் இருந்து யாரோ ஒருவரைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது. பட்டியலில் எட்டுப் பேர் இருந்தார்கள். வந்தது தேவிப்ரியா.

அவருடைய முதல் கடிதம் ஒரே வரி. "அந்த அம்மாளுக்குக் கண் தெரியுமா என்று பரிசோதித்தீர்களா?"

"பண்ணிடு" என்றார் பொன்னுரங்கம். "கண்ணு நல்லா இருக்குன்னு ஒரு சான்றிதழ் வாங்கி அவ மூஞ்சில எறி."

கரியாலூரில் கண் பரிசோதனை முகாம் போட்டபோது இளமாறன் சின்னப்பொண்ணுவை அழைத்துக்கொண்டு போனான்.

"ஆட்டுக்கு எதுக்கு சார் எங் கண்ணு?" என்றாள் அவள்.

"மேல கேக்குறாங்கம்மா."

மேலே என்றதும் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பலகையின் கடைசி வரியில் இருந்த கடுகு எழுத்தை அவள் கடகடவென்று படித்ததைக் கேட்டு டாக்டர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சான்றிதழை இளமாறன் அன்றே அனுப்பினான். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான்.

இரண்டாவது கடிதம் இரண்டு வரி. "அவர் கண்ணில் கோளாறு இல்லையென்றால் வேறு யார் கண்ணிலோ இருக்கிறது. வாய்மொழித் தேர்வை அந்த ஆட்டுப்பட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், நானே வருகிறேன்."

பொன்னுரங்கம் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தம் பழைய கட்டுரைகளைப் புரட்டினார். மூன்றாவது நாள் பேசினார்.

"நானும் வரேன். அவ அந்தப் பொம்பளைக்குச் சொல்லிக் குடுத்து மாத்திப்புடுவா. நீ போயி அந்த அம்மாவைத் தயார் பண்ணு."

"தயார் பண்ணக் கூடாதே சார். விதி..."

"தயார் பண்ணாதேன்னு சொல்லித் தயார் பண்ணு."

இளமாறன் மறுபடி பஸ் ஏறினான். சின்னப்பொண்ணு முன்பு போலவே ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"மெட்ராஸ்லேருந்து பெரிய மேடம் ஒருத்தங்க வர்றாங்க. பெரிய சாரும் வர்றாரு."

சடையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "எதுக்கு சார்? அதான் நீங்களே வந்து பாத்துட்டீங்களே?"

"நான் எழுதுனத அவங்க நம்பல."

"இன்னா சார் நம்பல?"

"சொந்த ஆடு ஒருத்தருக்குத் தெரியாமப் போவுமான்னு கேக்குறாங்க. ஒரு ஆட்டுக்குக்கூடப் பேரு சொல்லல, நாயப் பாத்து ஆடுன்னுட்டாங்கன்னு."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் சொன்னேனே" என்றாள் சின்னப்பொண்ணு மெதுவாக. "அது நாயின்னு எனுக்கு அப்பவே தெரியும். நீதான் எதக் காட்னாலும் ஆமான்னு சொல்லுன்ன."

"சும்மா இரு" என்றான் சடையன்.

அதைக் காதில் வாங்கிக்கொள்ள விரும்பாத இளமாறன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அதெல்லாம் ஒரு தப்பும் இல்லம்மா. போன தடவ எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. புதுசா ஒண்ணும் செய்ய வேணாம். பயப்படாதீங்க."

"புரியுது சார்" என்றான் சடையன். "இன்னும் எத்தினி நாளு இருக்குது?"

"பதினஞ்சு நாள்."

"போதும் சார்."

எதற்குப் போதும் என்று இளமாறன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

மே இருபத்தேழாம் தேதி இரண்டு பேராசிரியர்களும் தனித்தனி பஸ்ஸில் வந்து, தனித்தனி லாட்ஜில் தங்கி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரே காருக்கு முன்னால் வந்து நின்றார்கள். இரண்டு கார் அமர்த்த இளமாறனுக்கு வசதியில்லை. பொன்னுரங்கம் முன் சீட்டுக் கதவைத் திறந்தார். தேவிப்ரியா அதே கதவைப் பிடித்தார்.

"மலைப்பாதையில எனக்குப் பின்னாடி உக்காந்தா ஒத்துக்காது. அவர்கிட்டச் சொல்லுங்க."

"எனக்கும் ஒத்துக்காதுன்னு அவங்ககிட்டச் சொல்லு செழியா."

"உங்க பேரு இளமாறன். ஆய்வேட்டு அட்டையில எழுதியிருக்குன்னு அவர்கிட்டச் சொல்லுங்க இளமாறன்."

கடைசியில் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். நடுவில் இளமாறன் உட்கார்ந்தான். முன் சீட்டில் ஆய்வேட்டின் நான்கு பிரதிகள் சவுகரியமாகப் பயணம் செய்தன.

கோமுகி அணை வரை பறவை பார்ப்பவன் மூளையைப் பற்றி வாதம் நடந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் கார்ப் பைத்தியத்தின் மூளைக்கு வந்தார்கள். மூன்றாவது வளைவில் பொன்னுரங்கம், "பழக்கம் பழக்கம்னு சொல்றாங்களே, பழகுனா வயிறு முகத்தை அடையாளம் கண்டுபிடிக்குமான்னு கேளு" என்றார். ஐந்தாவது வளைவில் தேவிப்ரியா, "அவருக்கு மூளையில கொட்டைப்பாக்கு அளவு இடம் மட்டும்தான் வேலை செய்யுது, மிச்சமெல்லாம் தரிசுன்னு சொல்லுங்க" என்றார். ஏழாவது வளைவில் இருவருமே பேசவில்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். ஆளுக்கொரு பக்கமாக இறங்கி வாந்தியெடுத்தார்கள். அன்றைக்கு இருவரும் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் அது.

பட்டியில் பன்னிரண்டு ஆடுகளும் குளிப்பாட்டித் தயாராக இருந்தன. சின்னப்பொண்ணு புதுப் புடவை கட்டியிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெயம்மாள், நகையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கும் முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இவளுக்கு என்ன கவலை என்று இளமாறன் நினைத்தான்.

தேவிப்ரியா கைப்பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்தார். நடுவில் வட்டமாக ஓட்டை போட்டிருந்தது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே அதைக் கட்டச் சொன்னார். ஆட்டின் தலை மட்டும் ஓட்டை வழியாக வெளியே தெரிய வேண்டும். மடி, வால், நடை எதையும் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது.

"நிறத்தை வெச்சுச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு அவங்ககிட்டக் கேளு" என்றார் பொன்னுரங்கம்.

தேவிப்ரியா பதில் சொல்லாமல் ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். பன்னிரண்டு ஆடுகளின் முகத்திலும் அப்பினார்கள். பட்டி முழுவதும் தும்மல்.

"ஐயோ, கண்ணுல போவுது பாருங்க!" என்று வேலியிலிருந்து ஜெயம்மாள் கத்தினாள்.

சடையன் போர்வைக்குப் பின்னாலிருந்து முதல் ஆட்டின் தலையை நுழைத்தான். பந்திக்குக் கிளம்பிய பெரிய மனுஷி மாதிரி ஒரு வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. இளமாறன் நிம்மதியாகத் தாளில் எழுதத் தொடங்கினான்: "எங்களுடை..."

"இது கொம்பொடிஞ்சா" என்றாள் சின்னப்பொண்ணு.

பேனா நின்றது.

"இது பொட்டுக்காரி. இது அதும் பொண்ணு சின்னபொட்டு. இது கூழக்காது. இது வாயாடி. இது... இருங்க... இது புங்கமரத்தா. புங்கமரத்துக்கு அடியில பொறந்துச்சு."

சடையன் அடியெடுத்துக் கொடுக்கவில்லை. அவளும் தடுமாறவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் ஜெயம்மாளின் தலை மேலும் கீழும் ஆடியது. சரி பார்க்க சடையன் ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் சீட்டுக் கட்டியிருந்தான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

தேவிப்ரியா சின்னப்பொண்ணுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷப் பழக்கம்! பவுடருக்குப் பின்னாடியும் முகம் தெரியுது பாருங்க! இந்த அம்மா மூளையில அந்த இடத்துல ஆடுதான் குடியிருக்கு!"

சின்னப்பொண்ணு பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பொன்னுரங்கத்தின் முகம் ஆட்டு முகத்தைவிட வெளுத்தது. இளமாறனைத் தனியாக இழுத்தார். "என்னய்யா இது? நாய ஆடுன்னவ இன்னைக்கு ஆட்டோட பொறந்த ஊரு வரைக்கும் சொல்றா?"

"எனக்கும் புரியல சார்."

"ஏழு வருஷம் போச்சு உனக்கு. என் முப்பது வருஷம் போச்சு." பிறகு அவர் கண்கள் பளிச்சென்றன. "தலைகீழா!"

அதற்கும் அறிவியல் இருந்தது. மனித முகத்தைத் தலைகீழாகக் காட்டினால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியாது. சொம்பைத் தலைகீழாகக் காட்டினால் அவ்வளவு குழப்பம் வராது. ஆகவே தலைகீழ் ஆட்டையும் இவள் சரியாகச் சொல்லிவிட்டால் இவளுக்கு ஆடு முகமில்லை, சொம்புதான். பட்டா பிழைத்தது. தடுமாறினால் ஆடும் முகம்தான். பட்டா போயிற்று.

"தடுமாறுவாங்க" என்றார் தேவிப்ரியா, இருபது வருடத்தில் முதன்முறையாக அவரை நேராகப் பார்த்து.

"மாட்டா" என்றார் பொன்னுரங்கம்.

சடையன் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்க, இளமாறன் வயிற்றைத் தாங்க, கொம்பொடிஞ்சாளின் தலை ஓட்டை வழியாகத் தலைகீழாகத் தொங்கியது. ஆடு அலறிய அலறலில் ஊர் கூடிவிட்டது. இளமாறன் சட்டையில் சூடாக ஏதோ பாய்ந்தது. ஆராய்ச்சியின் வரலாற்றில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக்கொண்டான்.

"சென ஆடு சார் அது! பாத்துப் புடிங்க!" ஜெயம்மாள் வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள். "வவுத்துல ரெண்டு குட்டி கெடக்குது!"

"வெளியாளெல்லாம் தள்ளி நில்லுங்க" என்றார் பொன்னுரங்கம்.

"வெளியாளா?" என்றாள் ஜெயம்மாள். சடையன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

சின்னப்பொண்ணுவுக்கு வேர்த்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். குனிந்து தன் காலுக்கு நடுவே தலையை விட்டும் பார்த்தாள். "தலகீழா யாரும் சொல்லிக் குடுக்கலியே" என்று முணுமுணுத்தாள். பன்னிரண்டில் ஆறு சரி. ஆறு தப்பு.

"பாதி தப்பு! தடுமாறிட்டாங்க! ஜெயிச்சாச்சு!" என்றார் தேவிப்ரியா.

"பாதி சரி! தடுமாறல! நான் ஜெயிச்சேன்!" என்றார் பொன்னுரங்கம்.

அரை மணி நேரம் கத்தினார்கள். முகம், மூளை, சொம்பு, குடிசை, பட்டா எல்லாம் பட்டிக்கு மேலே பறந்தன. ஆடுகள் பவுடர் முகத்தோடு வரிசையாக நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தன. கூட்டத்தில் ஒருவர், "நெலத் தகராறு போலருக்குது, தாசில்தாரக் கூப்டுங்கப்பா" என்றார்.

பிறகு இருவருக்கும் தொண்டை கட்டியது. தேவிப்ரியா இளமாறன் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் இளமாறன். இதுதான் உங்க வாய்மொழித் தேர்வு. ஒரே கேள்வி. பிப்ரவரியில படத்தைப் பார்த்து ஒண்ணுகூடத் தெரியல. மே மாசம் நேர்ல பன்னிரண்டும் தெரிஞ்சுது. ஏன்?"

இளமாறனுக்கு ஏழு வருடமும் கண்முன் ஓடியது. ஜூன் மாதம் ஓடியது. ஈரச் சட்டை முதுகில் ஒட்டியது. அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது.

"மேடம், படத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவுல உறவு இல்ல. நேர்ல உறவு இருக்கு. மூளை முகத்தைப் பாக்கல, உறவைப் பாக்குது. பாதி இடம் பட்டா. பாதி இடம் புறம்போக்கு. அதான் ஆறுக்கு ஆறு."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேராசிரியர்களும் ஒரே நேரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"உறவு" என்றார் தேவிப்ரியா, நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்ப்பதுபோல்.

"பாதிப் பாதி" என்றார் பொன்னுரங்கம். "இதை வெச்சு ஒரு அஞ்சு வருஷத் திட்டம் போடலாமே. மத்தியில கேட்டா குடுப்பாங்க. ஓய்வு பெற்றவங்களும் தலைமை தாங்கலாம்னு விதி இருக்கு."

"ரெண்டு பேர் சேர்ந்தும் தாங்கலாம்" என்றார் தேவிப்ரியா. "வெளிநாட்டுக் கருத்தரங்கெல்லாம் உண்டு."

இருபது வருடத்துப் போர் ஆட்டுப்பட்டியின் ஓரத்தில் அந்த நிமிடம் முடிந்தது. எந்தப் பக்கம் உண்மை என்ற கேள்வியை இருவரும் அதற்குப் பிறகு எழுப்பவில்லை. இன்னும் ஐந்து வருடத்துக்கு அந்தக் கேள்வி தீராமல் இருப்பதே இருவருக்கும் நல்லது. கார் பானட் மேல் தாளை வைத்து, பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பொன்னுரங்கம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள், டாக்டர் செழியன்."

இந்த முறை தேவிப்ரியா திருத்தவில்லை. திட்டத்துக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொண்டே பின் சீட்டில் ஏறினார்கள்.

இளமாறன் தாளை நான்கு முறை படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஈரம் என்று எடுத்து, கோப்புக்குள் வைத்தான். டாக்டர் இளமாறன். ஜூன் மாதமும் வேலை உண்டு. அவன் சின்னப்பொண்ணுவிடம் போய்க் கைகூப்பினான்.

"ரொம்ப நன்றிம்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. பெரிய சாரும் மேடமும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

சின்னப்பொண்ணு நீண்ட பெருமூச்சு விட்டாள். சடையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் கார் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சார், கவுருமெண்டு குடுத்த ஆடு அப்டியே இருக்குதுன்னு எழுதிட்டீங்க இல்ல? ஜெயம்மா பதினஞ்சு நாளா அவ ஆட்டத் திருப்பிக் கேட்டுக்கினு வாசல்லியே நிக்கிறா."